கறுப்புக் கயிறும் பறக்கும் டவரும்

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு இந்தத் திருவிழாவில் காஞ்சிபுரம் பட்டுதான் சாத்துவது என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டியில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆள் நான். அதனால் என்னை அனுப்பினார்கள். மற்றபடி பட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இலங்கையின் மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறேன். போட்டோ காப்பி எடுப்பேன், போனுக்கு ரீலோட் போடுவேன். காசு போட்டவர்கள் பேச வேண்டுமானால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி நிற்க வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் அங்கே மட்டும்தான்.

காஞ்சிபுரத்தில் தங்குவதற்கு எனக்குச் சொந்தம் இருந்தது. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது எங்கள் பெரியப்பா கப்பல் ஏறினார். தாத்தாவின் ஊரைத் தேடிப் பிடித்து, மாகறலைத் தாண்டி ஆற்றோரத்தில் குடியேறினார். எங்கள் அப்பா ஏறமாட்டேன் என்று தோட்டத்திலேயே இருந்துவிட்டார். இரண்டு பேரில் யார் கெட்டிக்காரர் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் வாய்ச்சண்டை உண்டு. நான் அப்பாவின் கட்சி. அதனாலேயே, பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணனிடம் நம்மைவிட என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று பார்க்கும் ஆசையும் என்னோடு விமானம் ஏறியது.

முதல் நாள் காலையில் காஞ்சிபுரத்தில் இறங்கியதுமே பொறாமை தொடங்கிவிட்டது. பெருமாள் கோயில் பக்கம் ஒரு கடையில் மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட இட்லி கொடுத்தார்கள். இலையில் வைத்து அவித்தது, தடியாக, வாசமாக இருந்தது. நாங்கள் காலையில் ரொட்டியைப் பிய்த்து, காரச் சம்பலைத் தொட்டு, அவசரமாக விழுங்கிவிட்டு மலை ஏறுகிறவர்கள். இவர்கள் உட்கார்ந்து, மூன்று சட்னியோடு, ஊர்க்கதை பேசிச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து, "ஒரு சாயத்தண்ணி குடுங்க" என்றேன். எங்கள் பக்கம் பால் கலக்காத தேநீருக்கு அதுதான் பெயர். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாபா, பட்டுக்குச் சாயம் போடற தண்ணியா? அத்த எதுக்குக் குடிக்கிற?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே கொஞ்சம் எரிந்தது.

பஸ் நிலையத்துக்கு வழி கேட்டு நின்றவனை ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "ஏறுபா, ஏறுபா, ஒரு சீட்டுதான்" என்று கையைப் பிடித்து உள்ளே திணித்தார். எங்கே போகவேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை. மடியில் யாருடைய பூக்கூடையையோ வைத்துக்கொண்டு ஐயம்பேட்டையில் போய் இறங்கினேன். மாகறலுக்கு வேறு வழியாம். திரும்பி வந்து, டவுன் பஸ் பிடித்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, கல்குவாரிப் புழுதியில் குளித்து, அண்ணன் வீட்டை அடையும்போது சாயங்காலம்.

"வாப்பா. காலைலருந்து இன்னாபா பண்ணிக்கினு இருந்த?" என்றார் ஏழுமலை அண்ணன். நடந்ததைச் சொன்னேன். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் மகள் கலைவாணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நல்லாருக்கீங்களா சித்தப்பா?" என்றாள். நர்சிங் முடித்த பெண்.

இரண்டாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே தெருவுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஊராட்சி அலுவலகத்து மைதானத்திலிருந்து பெரிய எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒன்று, தேனீச் சத்தம் போட்டுக்கொண்டு, நேராக மேலே ஏறியது. அதன் வயிற்றிலிருந்து ஒரு மெல்லிய வயர் கீழே இருந்த பெட்டிக்கு வந்தது. பனைமரங்களை எல்லாம் தாண்டிப் போய் அது ஓரிடத்தில் நின்றது.

"என்னாண்ணே அது?"

"நம்ம டவருபா. காலைல ஏறும். பொழுது சாய எறங்கும்."

ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் குன்று இருப்பதால் இங்கேயும் சிக்னல் கிடையாதாம். ஒரு கம்பெனி, சோதனைக்காக என்று இந்த ட்ரோனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அதை ஏற்றி இறக்குவது பத்மா என்ற பெண். பேன்ட் சட்டை, தலையில் தொப்பி, இருபத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊர்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளை; அவர்களை இங்கே நயினார் என்பார்கள். நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து அவளே விளக்கினாள்.

"மேல போனா குன்னுக்கு அந்தாண்ட இருக்கற டவர் அதுக்குத் தெரியும் சார். கீழ இருக்கறவங்களுக்கு இதுதான் டவர். கரண்ட் இந்த வயர்ல போவுது, அதனால நாள் பூரா நிக்கும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! அந்த அவ்வளவுதானுக்குக் கீழே ஊரே நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தறிக்காரர் போனைத் தறிமேல் சாய்த்துவைத்து, யாரோ ஒரு மணப்பெண்ணுக்கு முந்தானையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஓர் அம்மா எருமையைக் கழுவிக்கொண்டே ஒரு கையால் கரண்ட் பில் கட்டினார். ஒரு பெரியவர் வேப்பமரத்தடியில் தெருக்கூத்து வீடியோ பார்த்துக்கொண்டு, அதில் ஆடுகிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பத்மா வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிடமாட்டார்கள். அதனால் அவள் வெளிச்சத்திலேயே ட்ரோனை இறக்கி, மூடிவைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவாள். "நயினார் வூட்டுப் பொண்ணுக்குப் பசிச்சா ஊருக்கு நெட்டு கட்டு" என்றார் அண்ணன். ஊர் அதற்குத் தோதாகத் தன் வேலைகளை மாற்றிக்கொண்டிருந்தது. பேச வேண்டியதையெல்லாம் நாலு மணிக்கே பேசி முடித்துவிட்டு, விளக்கு வைத்ததும் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடப் போய்விடுகிறார்கள்.

"இதுக்கு எத்தனை மனு போட்டீங்க அண்ணே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மனுவா? நாங்க எதுக்குபா மனு போடறோம்? அவங்களே வந்து, உங்க ஊர்ல நிறுத்திக்கிட்டுமான்னு கேட்டாங்க. நிறுத்திக்கோன்னோம்."

தானாக வந்ததாம்! எங்கள் தோட்டத்துக்கு ஒரு டவர் வேண்டும் என்று நான் போடாத மனு இல்லை, பார்க்காத ஆள் இல்லை, பிடிக்காத கால் இல்லை. என் கடையில் காப்பி எடுத்த காகிதத்தில் பாதி என்னுடைய மனுதான். சொல்லிவைத்த மாதிரி எல்லாரும் "பார்க்கலாம்" என்றார்கள். இங்கே கேட்காதவனுக்கு வானத்திலிருந்து இறங்கியிருக்கிறது. அன்று முழுக்க நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே திரிந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதால் அண்ணி தைலம் தேய்த்துவிட வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது கலைவாணி மெதுவாகச் சொன்னாள். "நாளன்னைக்கு எனக்கு இன்டர்வியூ சித்தப்பா. வளைகுடால ஒரு ஆஸ்பத்திரி. வீடியோலதான். பதினோரு மணிக்கு."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

என் மகள் தர்ஷினியும் நர்சிங் படித்தவள்தான். போன வருஷம் அவளுக்கும் இதே மாதிரி ஓர் அழைப்பு வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பாறையில் ஏறி உட்கார்ந்தாள். மழை தூறியது. நான் பின்னால் நின்று குடை பிடித்தேன். முதல் கேள்விக்கு அழகாகப் பதில் சொன்னாள். இரண்டாம் கேள்வியில் படம் உறைந்துவிட்டது. நாங்கள் பாறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினோம். வந்தது, போனது, பிறகு வரவே இல்லை. அவர்கள் வேறு நாள் கொடுக்கவில்லை. இப்போது டவுனில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பெண் தன் வீட்டு நடு அறையில், பேனுக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசப் போகிறாள். வேலை கிடைத்தால் அண்ணன் கடனும் கவலையும் இல்லாமல் கால் நீட்டிப் படுக்கலாம். அவளுக்கு இருப்பது இந்த ஒரு வாய்ப்பு. எனக்கு எல்லாம் புரிகிறது. புரிந்தும், கை கழுவ வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோது என் மனசு சொன்னது: 'அன்றைக்கு நீ விழு.' இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன். நினைத்த மறுகணமே வேர்த்துவிட்டது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அண்ணி முறத்தோடு நின்றிருந்தார்.

"தம்பி வந்ததுலருந்து கண்ண எடுக்காம அதையே பாக்குதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான்காம் நாள் பட்டு வாங்க டவுனுக்குப் போனேன். கடைக்காரர் சேலை சேலையாக விரித்துப் போட்டார். டவுனில் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. கமிட்டித் தலைவரை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் பாறையில் நின்றிருந்தார், பின்னால் பொருளாளர், அவருக்குப் பின்னால் பூசாரி. மஞ்சளைக் காட்டினால் படம் நின்றுவிடும். திரும்ப ஓடும்போது நான் சிவப்பைக் காட்டிக்கொண்டிருப்பேன். "அதுதான், அதுதான்!" என்று தலைவர் கத்துவார். எது என்று தெரியாது. கடைசியில் மஞ்சள் உடம்பும் அரக்குச் சிவப்புக் கரையுமாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். இரண்டும் இருந்தால் யாரும் சண்டைக்கு வரமுடியாது.

கோயில் தெரு வழியாகத் திரும்பும்போது ஒரு கடையில் திருஷ்டிக் கயிறுகள் தொங்கின. முந்தைய நாள் நினைத்தது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. என் கண் பட்டு அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடைக்கார அம்மாவிடம் கயிறு கேட்டேன்.

"வூட்டுக்கா, கடைக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்கு" என்றேன். "பெரிய வண்டி."

"லாரியா? அப்படின்னா படிகாரம் வெச்சுக் கட்டினது எடுத்துக்கபா. காத்துல ஆடணும். ஆடினாத்தான் கண்ணு நிக்காது."

ஐந்தாம் நாள் விடிந்ததும் எழுந்து மைதானத்துக்குப் போனேன். பத்மா இன்னும் வரவில்லை. ட்ரோன் தார்ப்பாய்க்குள் இருந்தது. பாயை விலக்கி, அடியில் கையை விட்டு, அதன் கறுப்புக் காலில் அந்தக் கறுப்புக் கயிற்றைக் கட்டினேன். படிகாரத்தையும் கறுப்புத் துணியில் சுற்றியிருந்ததால் கட்டியவனுக்கே தெரியவில்லை. ஆடவேண்டும் என்று அந்த அம்மா சொன்னதற்காக ஒரு முழம் தொங்கவிட்டேன். 'தாயே, என் கண்ணை இதில் கட்டிப் போடு' என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டேன்.

பத்மா வந்தாள், ஏற்றினாள். ட்ரோன் அழகாக நின்றது. பத்து மணிக்குக் கலை தயாராகிவிட்டாள். வெள்ளைச் சட்டை. பார்க்கமுடியாமல் நான் வெளியே வந்தேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழுந்தது. ட்ரோனின் தேனீச் சத்தம் திடீரென்று கரகரத்தது. அது ஒரு பக்கம் சாய்ந்து, தள்ளாடி, வயரை இழுத்துக்கொண்டு இறங்கி, மைதானத்தின் ஓரத்தில் மோதிக் கவிழ்ந்தது.

எல்லாரும் ஓடினார்கள். பத்மா மண்டியிட்டு அதைப் புரட்டினாள். "ரெண்டு றெக்கை போச்சு. மோட்டார்ல ஏதோ கயிறு சுத்திக்கினு இருக்குது." நகத்தால் இழுத்தாள். கறுப்பு நூல் வந்தது. "யாரு கட்டினது இத? மேலதான் செக் பண்ணேன், அடியில பாக்காம உட்டுட்டேனே!"

"எவ கண்ணுக்குப் பயந்து எவ கட்டினாளோ" என்றார் ஓர் அம்மா. இன்னொருவர், "என்னை ஏன் பாக்கறே?" என்று அவர்மேல் பாய்ந்தார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. கோழை.

"எப்ப சரியாவும்?" என்று கேட்டாள் கலை. வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மத்தியானம் ஆயிடும்மா" என்றாள் பத்மா.

மெயின் ரோட்டுக்கு வண்டியில் போகவே கால் மணி நேரம் ஆகும். போனாலும் கல் லாரிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தக் கோலம் தெரியும். நான் பாறையில் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

"அண்ணே, எழும்புங்க! தேங்கா பறிக்கிற தொறட்டி எங்க?"

எங்கள் தோட்டத்தில் பாறைக்குப் போகமுடியாத வயசானவர்களுக்கு ஒரு வேலை செய்வோம். ஒரு போனைப் பையில் போட்டு மரத்து உச்சிக்கு ஏற்றி, அதன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, கீழே இன்னொரு போனில் பேசுவது. சவுக்கு மரத்தில் நானே எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறேன். தர்ஷினியின் நாளில் பாறை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அதைச் செய்யாமல் விட்டேன். இங்கே மரத்தைவிட உயரமாகத் தண்ணீர்த் தொட்டி நின்றது.

அண்ணனுடைய போனைத் துறட்டியின் நுனியில் துணியால் கட்டி, இரும்புப் படியில் ஏறினேன். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, உச்சியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. துறட்டியைத் தூக்கிப் பிடித்து மெல்லத் திருப்பினேன். குன்றின் தோளுக்கு மேலே ஓரிடத்தில் வந்ததும், கீழே கலை தன் போனைப் பார்த்துக் கத்தினாள். "வந்துடுச்சு சித்தப்பா! ஆடாதீங்க!"

தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவள் பம்பு அறைச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தாள். அண்ணி ஆட்களையும் ஆடுகளையும் துரத்திக்கொண்டிருந்தார். எனக்கு மேலிருந்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. தலை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. என் தோள் இரண்டும் கழன்றுவிடும் போல வலித்தது. துறட்டி ஒரு விரல் சாய்ந்தாலும் அங்கே படம் உறையும். அந்த நேரத்தில் என் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இதைத் தர்ஷினிக்குச் செய்யாமல் இங்கே வந்து செய்கிறாயே என்று அது என்னைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. ஆனாலும் நான் கையை இறக்கவில்லை.

கடைசியில் அண்ணி முந்தானையை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றினார். நான் துறட்டியைத் தொட்டிமேல் பத்திரமாகக் கிடத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அங்கேயே சொல்லிவிட்டார்களாம், எடுத்துக்கொள்கிறோம் என்று. பத்மா மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்து ட்ரோனை மறுபடி ஏற்ற மூன்று மணி ஆனது. ஏறியதும் கலையின் போனுக்குக் கடிதமும் வந்தது. அண்ணன் அதைத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் காட்டப் போனார். நான் கலையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அம்மா, அந்தக் கயிற கட்டினது நாந்தான்."

"தெரியும் சித்தப்பா. பால் வாங்கினு வரும்போது பார்த்தேன்."

"பார்த்தியா? பார்த்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"வந்த நாள்லருந்து நீங்க அதையே பார்த்துக்கினு இருந்தீங்க. இன்டர்வியூன்னு சொன்னப்போ உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. எனக்கு பயமா இருந்துச்சு சித்தப்பா. நீங்களே கட்டிட்டா உங்க கண்ணு படாதுன்னு நெனச்சு, சும்மா வந்துட்டேன்."

என் பொறாமையை நான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று ஐந்து நாளாக நினைத்திருந்தது நான் மட்டும்தான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. பத்மாவிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் உடைந்த இறக்கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே கட்டறதுன்னா என்கிட்ட சொல்லிட்டுக் கட்டுங்க சார்" என்றாள்.

அப்புறம் தர்ஷினிக்குப் போன் போட்டேன். பார்மசியில் இருந்தாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். விழட்டும் என்று நினைத்ததைக்கூடச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"எனக்குப் பொறாமையா இருக்குப்பா" என்றாள்.

"எனக்குந்தாம்மா."

"அழணும் போல இருக்கு."

"அழு. நான் அழுதுட்டேன்."

அவள் அழுதாள். வாடிக்கையாளர் யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, "கொஞ்சம் இருங்க" என்று அவரிடம் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கலைகிட்ட போனக் குடுங்கப்பா. இத அவகிட்டயே சொல்லணும்" என்றாள்.

கொடுத்தேன். கலை காதில் வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குக் கெடைக்காம உனக்குக் கெடைச்சிருந்தா நானும் அப்படித்தான்க்கா அழுதிருப்பேன்."